தோல் சாட்டைக்கு எவ்வளவு எண்ணெய்?

கேள்வி இதுதான்: பரணில் ஏழெட்டு வருடம் கிடந்த எட்டடித் தோல் சாட்டை ஒன்று கைக்கு வந்திருக்கிறது. பின்னலின் மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருக்கிறது, தொட்டால் வறண்ட மாதிரி இருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு இரவு எண்ணெயில் ஊற வைத்தால் பழையபடி ஆகிவிடுமா?

ஊற வைக்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் முதல் சாட்டையை நான் அப்படித்தான் கெடுத்தேன். அது காய்ந்து போயிருக்கவில்லை. வாங்கிய புதிதில் இருந்த ஆர்வம், தோல் என்றால் எண்ணெய் குடிக்கும் என்ற நினைப்பு, இரண்டும் சேர்ந்து வாரம் ஒரு தடவை நீட்ஸ்ஃபுட் ஆயில் என்ற தோல் எண்ணெயைத் தாராளமாகத் தடவிக்கொண்டே இருந்தேன். மூன்று மாதத்தில் சாட்டை கறுத்து, கனத்து, ஈரத் துணி மாதிரித் தொங்கியது. பின்னலின் வார்கள் இழுபட்டு, வாருக்கும் வாருக்கும் நடுவே நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. ஒரு சாட்டை பின்னுகிறவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். எடுத்துப் பார்த்தார், கையைத் துடைத்துக்கொண்டார், "இதைப் பிரித்துப் புதுசாகத்தான் பின்னணும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் பல சாட்டைகளைச் சுத்தம் செய்திருக்கிறேன். வறண்டு செத்ததைவிட எண்ணெயில் மூழ்கிச் செத்ததைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

செருப்புக்கும் பெல்ட்டுக்கும் செய்வதைச் சாட்டைக்குச் செய்யக் கூடாததற்குக் காரணம் அதன் உள்ளமைப்பு. வெளியே தெரியும் 12 அல்லது 16 வார்ப் பின்னல் வெறும் மேல்தோல்தான். கைப்பிடியும் பின்னலும் ஒன்றாகவே தொடரும் நீளச் சாட்டையைப் புல்விப் என்பார்கள்; நல்ல புல்விப் ஒன்றைப் பிரித்தால் நடுவில் ஒரு உள்தண்டு இருக்கும். சிலர் அதற்குள் ஈயக் குண்டுகளை நிரப்புவார்கள். அதன் மேல் ஒரு பின்னல், அதைச் சுற்றி ஒரு தோல் உறை, அதன் மேல் இன்னொரு பின்னல், மறுபடி உறை, கடைசியில்தான் கண்ணுக்குத் தெரியும் பின்னல். பின்னும்போதே கொழுப்பும் சோப்பும் கலந்த பசையை வார்களில் தடவி இறுக்கியிருப்பார்கள். அதாவது உள்ளடுக்குகளில் ஏற்கனவே கொழுப்பு இருக்கிறது. வெளியிலிருந்து நீங்கள் ஊற்றும் எண்ணெய் இந்த அடுக்குகளுக்குள் இறங்கிவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. செருப்பில் கூடிப்போன எண்ணெயைத் துடைத்துவிடலாம். இங்கே துணி எட்டாத இடத்தில் அது உட்கார்ந்திருக்கும். எண்ணெய் ஏறிய வார் நீளும். நீண்டால் பின்னல் தளரும்.

சாட்டை சொடுக்கும் விதத்தையும் இது கெடுக்கும். கை கொடுக்கும் வேகம் ஒரு வளையமாகப் பின்னலின் வழியே ஓடுகிறது. போகப்போக சாட்டை மெலிந்து எடை குறைவதால் வேகம் கூடிக்கொண்டே போய், கடைசியில் ஒலியின் வேகத்தை, அதாவது நொடிக்குச் சுமார் 340 மீட்டரை, தாண்டுகிறது. அந்த 'பட்டீர்' ஒரு குட்டி ஒலியதிர்ச்சி. பருமனிலிருந்து மெலிவுக்கு சீராக இறங்கும் அந்த எடைக் கணக்கைத்தான் பின்னுகிறவர் மெனக்கெட்டு அமைத்திருக்கிறார். மெலிந்த பாதி எண்ணெயில் கனத்தால் அந்தக் கணக்கே போச்சு.

சரி, உங்கள் சாட்டைக்கு வருவோம். எதையும் தடவுவதற்கு முன்னால் அந்த வெள்ளை என்ன என்று பாருங்கள். இரண்டில் ஒன்றாக இருக்கும். பூஞ்சணம் என்றால் மெல்லிய பஞ்சு மாதிரி, வட்ட வட்டமாக, அங்கங்கே இருக்கும். மக்கிய வாடை அடிக்கும். இன்னொன்று கொழுப்புப் பூப்பு. தோலுக்குள் இருக்கும் கெட்டிக் கொழுப்பு குளிர்ந்த இடத்தில் கிடக்கும்போது மெல்ல மேலே வந்து வெண்மெழுகு மாதிரிப் படியும். வாடை இருக்காது, விரலால் தேய்த்தால் வழுக்கும். சந்தேகம் வந்தால் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, சில நொடி காட்டுங்கள். உருகி மறைந்தால் கொழுப்பு. அப்படியே நின்றால் பூஞ்சணம்.

கொழுப்பு என்றால் சந்தோஷப்படலாம். வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்த்துத் 'தோல் காய்ந்துவிட்டது' என்று பலரும் எண்ணெயை எடுக்கிறார்கள். நேர்மாறான சேதி அது: உள்ளே கொழுப்பு இன்னும் இருக்கிறது. மென்மையான துணியால் துடைத்துவிட்டால் போதும், அனேகமாக வேறெதுவும் வேண்டியதில்லை.

பூஞ்சணம் என்றால் வெளியே எடுத்துப் போய், காற்று வீசும் இடத்தில் பிரஷால் தட்டிவிடுங்கள். வீட்டுக்குள் தட்டினால் வித்துகள் மற்றத் தோல் பொருட்களில் போய் உட்காரும். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது நல்லது. அப்புறம் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியை அதில் நனைத்து நன்றாகப் பிழிந்து, ஒரு தடவை துடைத்துவிட்டு ஆற விடுங்கள். முன்கூட்டியே மறைவான இடத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்க வேண்டும். சில சாட்டைகளுக்கு ஷெல்லாக் எனும் அரக்குப் பூச்சு கொடுத்திருப்பார்கள். ஆல்கஹால் பட்டால் அது கரைந்து பிசுபிசுக்கும். சாயமும் கிளம்பி வரலாம்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, அது வெள்ளையாக இருக்காது. கையில் செம்பழுப்புப் பொடி ஒட்டுகிறதா? அப்படியென்றால் அது செந்தூள் அழுகல். மரப்பட்டைச் சாறில் பதனிட்ட பழைய தோலில், காற்றிலுள்ள கந்தக மாசு அமிலமாக மாறி நார்களை அரித்துவிடுவதால் வருவது. எந்த எண்ணெயாலும் அதைத் திருப்ப முடியாது. அந்தச் சாட்டையைச் சுவரில் மாட்டி அழகு பாருங்கள், சொடுக்க வேண்டாம்.

சொடுக்கத் தகுந்ததா என்பதை எந்தச் சாட்டைக்கும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். சாதாரண அறை வெப்பத்தில், கைப்பிடியிலிருந்து ஆரம்பித்து ஒரு சாண் ஒரு சாணாகப் பெரிய வளைவாக வளைத்துக்கொண்டே போங்கள். வளைவின் வெளிப்பக்கத்தில் மயிரிழை வெடிப்புகள் தெரிகின்றனவா, ஏதாவது வார் அறுந்து நிற்கிறதா என்று பாருங்கள். மெலிந்த கடைசி இரண்டடியில்தான் பிரச்சினை பெரும்பாலும் இருக்கும். அங்கே ஒரு வார் அறுந்திருந்தாலும் பின்னுகிறவரிடம் கொடுத்து அந்தப் பகுதியை மட்டும் மறுபடி பின்னச் சொல்லலாம். அறுந்ததோடு சொடுக்கினால் துண்டு பறந்து முகத்துக்கு வரும்.

தோலின் வகையும் தெரிந்திருந்தால் நல்லது. நுண்மையான வார்கள் என்றால் கங்காரு தோலாக இருக்கும். அந்தத் தோலின் நார்கள் மேற்பரப்புக்கு இணையாக ஓடுவதால் மெல்லியதாகச் சீவினாலும் வலு அவ்வளவாகக் குறையாது. சாட்டைக்காரர்கள் அதை விரும்புவதற்கு இதுதான் காரணம். ஆனால் மெல்லிய வார் எண்ணெயைச் சீக்கிரம் உறிஞ்சும், சீக்கிரம் நீளும். மாட்டுத் தோல் வார்கள் தடிமன், சற்றுப் பொறுத்துக்கொள்ளும். வார்கள் நைலான் கயிறு என்றால் நீங்கள் இதுவரை படித்ததே வீண். இளஞ்சூட்டுச் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயப்போடுங்கள், முடிந்தது.

இனிச் சுத்தம். முதல் வேலை உலர் பிரஷ். பழைய மென்மையான பல் துலக்கும் பிரஷ் இதற்குச் சரியான கருவி. கைப்பிடியிலிருந்து நுனியை நோக்கி மட்டும், பின்னலின் பள்ளங்களுக்குள் நுழைகிற மாதிரி. முன்னும் பின்னும் தேய்த்தால் வார்களின் ஓரங்கள் மேலெழும்பும். இந்த வேலைக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும், பலரும் இதைத்தான் அவசரமாக முடிக்கிறார்கள். பள்ளத்தில் சிக்கிய மணல் ஒவ்வொரு சொடுக்கிலும் அரம் மாதிரி வார்களை உள்ளிருந்து அறுக்கிறது. அதன் மேல் எண்ணெய் தடவினால் மணலும் எண்ணெயும் சேர்ந்த அரவைப் பசையை நீங்களே தயாரித்து ஊட்டியது போல ஆகும்.

பிரஷ் போட்டபின் ஈரத்துணி. ஈரம் என்றால் பிழிந்த துணி. கையில் நீர் ஒட்டக் கூடாது. பாதிச் சாட்டைகளுக்கு இதுவே போதும். அழுக்கு போகவில்லை என்றால் மட்டும் சேடில் சோப்பு. குதிரைச் சேணத்துக்கென்று வந்தது, கிளிசரினும் மெழுகும் லானோலினும் கலந்திருக்கும். ஆனாலும் அது சோப்புதான், காரத்தன்மை உள்ளது. பதனிட்ட தோலோ லேசான அமிலத்தன்மை கொண்டது, பிஎச் 4-ஐ ஒட்டி இருக்கும். காரம் தங்கினால் நாளடைவில் தோல் விறைத்துக் கறுக்கும். ஆகவே ஈரப் பஞ்சால் டப்பாவிலுள்ள சோப்பின் மேல் தேய்த்து நுரை வரவழைத்து, அந்த நுரையை மட்டும், ஒரு நேரத்தில் ஒரு முழ நீளத்துக்குத் தடவி, உடனே வேறொரு ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். பாத்திரம் தேய்க்கும் சோப்பும் துணி சோப்பும் கிட்டவே வரக் கூடாது. அவை அழுக்கோடு தோலின் கொழுப்பையும் சேர்த்துக் கழற்றிவிடும்.

அப்புறம் காய விடுங்கள். நிழல், காற்றோட்டம், குறைந்தது ஒரு முழு நாள். வெயில், ஹீட்டர், அடுப்பின் பக்கம் எதுவும் வேண்டாம். ஈரத்தோலுக்குச் சூடு எமன்: நனைந்த நிலையில், மரப்பட்டைச் சாறில் பதனிட்ட தோலின் நார்கள் 70 முதல் 85 டிகிரி செல்சியஸ் வாக்கில் சுருங்கிவிடும். அதற்கு எவ்வளவோ கீழான சூட்டிலேயே விறைக்க ஆரம்பித்துவிடும். மழையில் நனைந்த சாட்டைக்கும் இதே மருத்துவம்தான். நனைந்ததைத் தப்பித்தவறியும் சொடுக்காதீர்கள், ஈர வார் இழுபடும்.

இப்போது எண்ணெய். எது என்று கேட்டால், பசை வடிவில் இருப்பதையே நான் எடுப்பேன். தேன்மெழுகு கலந்த பசை மேலே நின்று மெதுவாக இறங்கும். எவ்வளவு போகிறது என்பது உங்கள் கையில் இருக்கும். சாட்டைக்காரர்கள் பலரும் பெக்கார்ட் லெதர் டிரஸ்ஸிங் என்ற பசையைப் பயன்படுத்துவது இதனால்தான். வேறு நல்ல தோல் பசையும் சரியே, சிலிக்கான் கலக்காததாகப் பாருங்கள். நீட்ஸ்ஃபுட் ஆயில் கெட்ட பொருள் அல்ல. 'நீட்' என்பது மாட்டுக்கான பழைய ஆங்கிலச் சொல். மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுப்பது. தோலுக்குள் சட்டென்று இறங்கும், அதுதான் அதன் குணமும் குற்றமும். உண்மையிலேயே எலும்பாகக் காய்ந்த தோலுக்குத் துணியில் இரண்டு மூன்று சொட்டு என்ற கணக்கில் அது உதவும். வாங்கும்போது 'கலவை' என்று போட்டிருந்தால் வேறு எண்ணெய் சேர்த்தது என்று அர்த்தம், தவிர்ப்பது நல்லது.

சமையல் எண்ணெய் போடலாமா என்று கேட்காதவர் இல்லை. வேண்டாம். பெரும்பாலானவை காற்றுப் பட்டுச் சிக்கு வாடை அடிக்கும், பிசுக்கும், பூஞ்சணத்தையும் தூசியையும் வா என்று கூப்பிடும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைவதால் பள்ளங்களில் வெள்ளையாகக் கட்டி நிற்கும், மறுபடி நீங்கள் பூஞ்சணமோ என்று பயப்பட வேண்டியிருக்கும். ஆளி விதை எண்ணெய் இன்னும் மோசம். அது காய்ந்து கெட்டியாகிற எண்ணெய், மரச்சாமானுக்குப் போட வேண்டியது. ஷூ பாலிஷும் வேண்டாம், சாயம் கையிலும் உடுப்பிலும் வரும்.

அளவு: ஓரடி நீளத்துக்கு ஒரு பட்டாணி. எட்டடிச் சாட்டைக்கு மொத்தமே ஒரு தேக்கரண்டி தாண்டாது. இந்த வரியைப் படிக்கும்போது 'இவ்வளவுதானா?' என்று தோன்றினால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். துணியில் எடுக்காமல் வெறும் விரல்களில் எடுத்துத் தேய்த்துச் சூடாக்குங்கள். உள்ளங்கைச் சூட்டில் பசை இளகிவிடும். சாட்டையைக் கைக்குள் பிடித்து, சற்றே அழுத்தி, மெல்ல நுனி நோக்கி இழுத்துவிடுங்கள். தோல் ஒரு சாயல் கறுக்கும், மினுங்கினால் அதிகம். ஒரு இரவு விட்டுவிட்டு, மறுநாள் உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தெடுங்கள். துணியில் நிறைய வந்தால் அடுத்த தடவை பட்டாணியைப் பாதியாக்குங்கள். அப்புறமும் வறட்சி தெரிந்தால், ஒரு வாரம் கழித்து இன்னொரு மெல்லிய பூச்சு. பரணில் கிடந்த உங்கள் சாட்டைக்கு இப்படி இரண்டு மூன்று தடவை தேவைப்படலாம். ஒரே நாளில் மூன்றையும் போடாதீர்கள்.

தடவியபின் செய்ய வேண்டிய ஒன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: உருட்டுதல். சாட்டையை வழவழப்பான, சுத்தமான பலகையில் நீட்டி, மேலே இன்னொரு பலகையை வைத்து மிதமாக அழுத்தி, சப்பாத்திக்கட்டை மாதிரி முன்னும் பின்னும் உருட்டுங்கள். பின்னி முடித்ததும் பின்னுகிறவர்கள் செய்வதும் இதுதான். எழும்பியிருந்த வார் ஓரங்கள் படியும், சாட்டை மறுபடி உருண்டையாகும்.

கைப்பிடிக்குக் கிட்டத்தட்ட ஒன்றும் போட வேண்டாம். உங்கள் உள்ளங்கை வியர்வையும் எண்ணெயும் அதற்கு ஏற்கனவே அதிகம்தான். ஈரத்துணியால் துடைத்தால் போதும். கைப்பிடி வழுக்கி, வீசும்போது சாட்டை கையை விட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். முடிச்சுகளையும் விட்டுவிடுங்கள், எண்ணெயில் அவை தளரும். ஸ்டாக்விப் வகை என்றால் கைப்பிடி தனி, பின்னல் தனி, நடுவில் இரண்டு தோல் வளையங்கள் ஒன்றையொன்று கோத்திருக்கும். அந்த வளையங்கள் ஓயாமல் உரசுவதால் அங்கே மட்டும் கொஞ்சம் தாராளமாக.

கஞ்சத்தனம் இவ்வளவும் பின்னலுக்குத்தான். பின்னலின் முடிவில் தொங்கும் ஒற்றை வார், ஃபால் என்பார்கள், அதன் கதை வேறு. தரையில் உரசுவதும் வேகத்தைத் தாங்குவதும் அதுதான், சீக்கிரம் வறள்வதும் அதுவே. பின்னலுக்கு வருடத்தில் ஒரு தடவை, அதிகம் போனால் இரண்டு தடவை. ஃபாலுக்கோ சில மணி நேரப் பயிற்சிக்கு ஒரு தடவைகூடப் போடலாம், வறண்டதாகத் தெரிந்தால் போட வேண்டியதுதான். அது மாற்றிக்கொள்ளக் கூடிய உறுப்பு, ஆகவே அதில் பயப்பட ஒன்றுமில்லை. வெள்ளை நிற ஃபால் என்றால் ஒரு எச்சரிக்கை: படிகாரத்தில் பதனிட்டதாக இருக்கலாம். படிகாரம் தண்ணீரில் கரைந்து வெளியேறினால் அது மறுபடி பச்சைத்தோலாக விறைத்துவிடும். அதை ஈரத்துணியால் துடைக்காதீர்கள்; உலர் பிரஷும் பசையும் மட்டும். பழைய சாட்டையில் ஃபால் குச்சி மாதிரி இருந்தால் அதைக் காப்பாற்றப் போராட வேண்டாம், அதே நீளத்தில் அதே தடிமனில் புதிதாக ஒன்று கட்டிவிடுங்கள்.

ஃபாலின் நுனியில் நூலால் முறுக்கிய கிராக்கர் இருக்கும். அதற்கு எண்ணெய் கிடையாது, தேய்ந்தால் மாற்றுவதுதான். ஆனால் கிராக்கர் இல்லாமல் ஒரு தடவைகூடச் சொடுக்காதீர்கள். அது ஏற்க வேண்டிய அடி முழுவதும் ஃபால் நுனிக்குப் போய், நாலைந்து சொடுக்கில் அது கிழிந்து தும்பாகிவிடும். அடுத்தது பின்னலின் முனை. எவ்வளவு பசை தடவியும் அந்தச் சேதத்தைச் சரிக்கட்ட முடியாது. சிமென்ட் தரை, தார்ச்சாலை, மணல் ஆகியவற்றின் மேல் சொடுக்குவதும் அப்படித்தான். புல்தரை தேடுங்கள்.

வைக்கும் இடம் பரணாக இருக்க வேண்டாம். கூரைச் சூடு மேலே, காற்றில்லாத மூலை, இரண்டும் கெடுதல். காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருந்தால் தோல் நிம்மதியாக இருக்கும். 65, 70-ஐத் தாண்டினால் பூஞ்சணம் வரும். பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வைத்தால் ஈரம் உள்ளேயே அடைபடும், பருத்தித் துணிப் பை நல்லது. சாட்டைக்கென்று இயல்பான ஒரு வளைவு இருக்கும். அதன் போக்கில் பெரிய வளையங்களாகச் சுருட்டுங்கள், கைப்பிடியைச் சுற்றி இறுக்கிச் சுற்றாதீர்கள். ஆணியில் மாட்டினால் அந்த ஒரு புள்ளியில் மடிப்பு விழும். கை மணிக்கட்டளவு பருமனான உருளைக் கட்டையில் போடுங்கள்.

பசை போட்டுத் துடைத்தபின் இரண்டு நாள் விட்டுத்தான் எடுக்க வேண்டும். முதலில் வேகமில்லாமல் பத்துப் பதினைந்து தடவை தரையோடு தரையாக வீசி இளக்குங்கள், பிறகு சொடுக்கலாம். எவ்வளவு துடைத்திருந்தாலும் பள்ளத்தில் மிச்சமிருக்கும் பசை முதல் சில சொடுக்குகளில் துளித்துளியாகத் தெறிக்கும். அன்றைக்கு மட்டும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள்.